பெரட்டுக் களத்தில் நீளும் விரல்: கண்ணால் கண்ட சாட்சியும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் மணி அடிக்கும். ஆட்கள் களத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். கிராணி பெயர் வாசிப்பார், மண்டோர் தலைகளை எண்ணுவார், நிரை பிரித்துக் கொடுப்பார். காண்டா வாளியோடு கூட்டம் மரங்களுக்குள் கலைந்து போகும். 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்து நாவில் பெரட்டு ஆயிற்று.

போலீஸ் நிலையத்தில் சந்தேக நபரையும் வேறு சிலரையும் சேர்த்து வரிசையாக நிறுத்தி, 'நீங்கள் பார்த்த ஆள் இதில் யார்?' என்று சாட்சியைக் கேட்பார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். மலாயில் கவாட் சாம். நம் நாளேடுகளில் அடையாள அணிவகுப்பு. சொல் ஒன்றானாலும் இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. தோட்டத்துப் பெரட்டில் கிராணி பார்ப்பது பல வருடம் பார்த்துப் பழகிய முகங்களை. போலீஸ் வரிசையில் சாட்சி தேடுவதோ, இருட்டிலும் பயத்திலும் சில நொடி மட்டும் கண்ட ஒரு முகத்தை. ஆனால் இரண்டு இடத்திலும் நீளும் விரலுக்கு மனிதர்கள் ஒரே அளவு நம்பிக்கை வைக்கிறார்கள். நிரபராதிகள் சிறைக்குப் போகும் வழிகளில் இந்த நம்பிக்கை மிகப் பழையது.

கண்ணால் கண்ட சாட்சியின் அடையாளத்தைக் குற்ற வழக்கில் எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்வியின் சட்ட வரலாறு, அறிவியல், நீதிமன்ற நெறிகள் ஆகியவற்றைத் தொகுத்து, தோட்டத்துத் தமிழரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தின் வேர்

மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டம், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவுக்காக வரைந்த 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. இலங்கையின் 1895 சட்டமும் சிங்கப்பூரின் சட்டமும் அதே குடும்பம். தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி வந்த கூலி, கடலைக் கடந்தாரே ஒழிய அந்தச் சாட்சியச் சட்டத்தின் எல்லையைக் கடக்கவில்லை.

அச்சட்டத்தின் 9 ஆவது பிரிவு, ஒரு பொருளின் அல்லது ஓர் ஆளின் அடையாளத்தை நிலைநாட்டும் செய்திகள் வழக்குக்குத் தொடர்புடையவை என்கிறது. 134 ஆவது பிரிவு, எந்த ஒரு செய்தியை மெய்ப்பிக்கவும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும்: ஒரே ஒரு சாட்சி, ஒரே ஒரு விரல், ஒரு மனிதனைத் தண்டிக்கப் போதும். அணிவகுப்பை எப்படி நடத்த வேண்டும், எத்தனை பேரை நிறுத்த வேண்டும், யார் நடத்த வேண்டும் என்பதைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைக் காவல்துறையின் உள்விதிகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் நிரப்பி வருகின்றன.

'பொருளின் அல்லது ஆளின்' என்று சட்டம் சேர்த்துச் சொல்வதைத் தமிழர் எளிதில் உணர்வார்கள். மதுரையில் கோவலன் வெட்டுண்டது, ஒரு சிலம்பைப் பற்றிய பொய் அடையாளத்தால். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் தீர விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்று தெரியவந்தபோது தலை போயிருந்தது. கண்ணகி அவையில் கேட்டது இரக்கம் இல்லை. உடைத்துப் பார் என்று சோதனையைத்தான் கேட்டாள். அடையாளச் சாட்சியத்துக்கும் அப்படி உடைத்துப் பார்க்கும் சோதனை வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டத்துறையின் நூற்றாண்டுப் போராட்டம்.

முகமூடிக்குள்ளிருந்து அசைந்த தலை

தோட்டத்து மக்கள் அடையாளம் காட்டப்படுதலை முதலில் அறிந்தது நீதிமன்றத்தில் இல்லை. 1942 இல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த பிறகு, சீனர்களை வரிசையாக நடக்கவிட்டு, முகத்தை மூடிய ஒற்றர்கள் தலையசைத்தவர்களைப் பிரித்துக் கொண்டு போனார்கள். நெகிரி செம்பிலானில் கோலாப் பிலாவுக்கு அருகிலுள்ள பாரிட் திங்கியும் ஜெலுபுவின் தித்தியும் அவ்வாண்டு மார்ச் மாதப் படுகொலைகளை இன்றும் மறக்கவில்லை.

1948 ஜூனில் ஆங்கில அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சோதனை நடக்கும்போது ஆட்களைத் திரட்டி ஒவ்வொருவராக நடக்கவிடுவதும், கண்ணுக்கு மட்டும் துளையிட்ட துணியால் முகத்தை மூடிய ஒருவர் தலையை ஆட்டினால் அந்த ஆளை லாரியில் ஏற்றுவதும் மலாயாவில் நடைமுறையாக இருந்தன. அந்த அசைவுக்குக் காரணம் கேட்க முடியாது. தவறு என்று வாதாட முடியாது. விசாரணையில்லாத் தடுப்புக் காவலுக்கு அது போதுமானதாக இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் அதே காட்சி திரும்பியது. அங்குள்ள மக்கள் அதற்குத் தமிழில் பெயரே வைத்துவிட்டார்கள்: தலையாட்டி. கோயில் வீதியிலும் பள்ளிக்கூட வளவிலும் ஊரைக் கூட்டி, தலையாட்டியின் முன் இளைஞர்களை நடத்தியதை ஈழத்து முதியவர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்வார்கள்.

இவை எதுவும் நீதிமன்றச் சாட்சியம் இல்லைதான். ஆயினும் இங்கே இவற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்னைச் சுட்டிய சாட்சியின் முகத்தைப் பார்ப்பதும், 'எங்கிருந்து பார்த்தாய், எவ்வளவு நேரம் பார்த்தாய்?' என்று கேட்பதும் சாட்சியைத் துன்புறுத்துவதற்கான உரிமைகள் அல்ல. அந்தச் சோதனை இல்லாவிட்டால் அடையாளம் என்பது வெறும் தலையசைப்பாகிவிடும். 2012 இல் வந்த சோஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் 14 ஆவது பிரிவு, பாதுகாக்கப்பட்ட சாட்சி குற்றஞ்சாட்டப்பட்டவரின் கண்ணிலும் அவருடைய வழக்கறிஞரின் கண்ணிலும் படாதபடி சாட்சியம் அளிக்க வழி செய்கிறது. குண்டர் கும்பல் வழக்குகளில் இச்சட்டத்தின் கீழ்க் கைதான இந்திய இளைஞர்களின் குடும்பங்களுக்கு அது ஏட்டுச் செய்தியாக மட்டும் இல்லை. சாட்சிகளுக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒருவரை அடையாளம் காட்டும் சாட்சியை அந்தத் திரைக்குப் பின்னால் நிறுத்தினால், அவருடைய கண்ணைச் சோதிக்கும் வழி பெரிதும் அடைபட்டுப் போகிறது.

பொய்யனும் பிழைபட்டவனும்

1979 ஏப்ரலில் சுபாங் விமான நிலையத்துக்கு அருகே ஓர் ஆசிரியை காருக்குள் கொல்லப்பட்ட வழக்கை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விரிவுரையாளர் கார்த்திகேசுவுக்கு 1980 இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1981 இல் முக்கிய சாட்சி, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டில் கார்த்திகேசு விடுதலையானார். பொய் சொன்னவர் சிறைக்குப் போனார்.

அது அடையாள வழக்கு அன்று. ஆனாலும் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. பொய் சொல்பவருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். ஒருநாள் மனச்சாட்சி உறுத்தலாம். குறுக்கு விசாரணையில் கதை உடையலாம். தவறாக அடையாளம் காட்டும் சாட்சியோ பொய் சொல்லவில்லை. தான் கண்ட முகம் இதுதான் என்று உள்ளபடியே நம்புகிறார். அழுதுகொண்டே கூண்டைச் சுட்டுகிறார். எத்தனை கேள்வி கேட்டாலும் அசையமாட்டார், ஏனெனில் அவர் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நேர்மையான சாட்சியின் பிழை பொய்யனின் சொல்லைவிட ஆபத்தானது. பொய்யன் திருந்த வழியுண்டு. பிழைபட்டவருக்குத் தன் பிழை தெரியவே தெரியாது.

கண் எப்படித் தவறுகிறது

நினைவு என்பது படம்பிடித்து வைத்த பெட்டி என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உளவியல் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் காட்சியைப் புதிதாகக் கட்டுகிறது. கட்டும்போது பிறகு கேட்டதையும் பார்த்ததையும் சேர்த்துக்கொள்கிறது. 1974 இல் எலிசபெத் லாஃப்டஸ் அமெரிக்காவில் ஒரே கார் விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டினார். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று கேட்டால் ஒரு விடை வந்தது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் வேகம் கூடியது. கேள்வியிலிருந்த ஒரு சொல் நினைவையே மாற்றிவிட்டது. காவலர், 'அந்த மொட்டைத் தலையன்தானே?' என்று கேட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஆய்வுகள் காட்டும் வேறு சில காரணங்களும் தோட்டத்து வாழ்க்கைக்கு நெருக்கமானவை. கத்தியோ பாராங்கோ துப்பாக்கியோ நீட்டப்பட்டால் கண் ஆயுதத்தின் மேல் நிலைத்துவிடும், முகம் பதியாது. தன் இனத்தவரின் முகத்தைப் பிரித்தறிவது போலப் பிற இனத்தவரின் முகத்தைப் பிரித்தறிவது எளிதில்லை. மால்பாஸ், கிராவிட்ஸ் இருவரும் 1969 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. சீனர் கடையில் கொள்ளையடித்தவன் 'ஓர் இந்தியன்' என்று சொல்லும் கடைக்காரரிடமும், லயத்து வாசலில் சங்கிலி அறுத்தவன் 'ஒரு வங்காளதேசி' என்று சொல்லும் நம் பாட்டியிடமும் இருப்பது ஒரே பலவீனம். அது வெறுப்பிலிருந்து வருவதாக இருக்க வேண்டியதில்லை. பழக்கக் குறைவே போதும்.

வரிசையிலும் ஒரு பொறி உண்டு. குற்றம் செய்தவர் அங்கே நிச்சயம் இருக்கிறார் என்று நம்பும் சாட்சி, தன் நினைவோடு ஒவ்வொரு முகத்தையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இருப்பவர்களில் நினைவுக்கு மிக நெருங்கி வருபவரைத் தேர்ந்தெடுக்கிறார். குற்றவாளி அங்கே இல்லாவிட்டாலும் நெருங்கிய ஒருவர் இருக்கத்தானே செய்வார். பின்னர் அதிகாரி, 'சரியாகச் சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்: தயங்கித் தயங்கிச் சுட்டியவர், தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாகவே நினைவுகூரத் தொடங்குவார். வெல்ஸ், பிராட்ஃபீல்டு ஆய்வு 1998 இல் இதை நிறுவியது.

அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதி என நிறுவப்பட்டு விடுதலையான நூற்றுக்கணக்கானோரின் வழக்குகளை இன்னசென்ஸ் பிராஜெக்ட் அமைப்பு ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 70 விழுக்காட்டு வழக்குகளில் தவறான அடையாளம் பங்கு வகித்திருந்தது. வட கரோலினாவில் 1984 இல் நடந்த ஒரு வன்புணர்வு வழக்கில், பாதிக்கப்பட்ட மாணவி தாக்கியவனின் முகத்தை மறக்கக் கூடாது என்று கூர்ந்து பார்த்தவர். அவர் காட்டிய ரொனால்டு காட்டன் பத்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 1995 இல் மரபணு, உண்மைக் குற்றவாளி வேறொருவன் என்று காட்டியது. கவனமாகப் பார்த்ததும் நேர்மையும் கூடப் பிழையிலிருந்து காக்கவில்லை.

பெக் முதல் டர்ன்புல் வரை

சட்டம் இதைக் கற்றது கசப்பான வழக்குகளில். லண்டனில் அடால்ஃப் பெக் என்ற நார்வேக்காரரை 1896 இல் பத்துப் பெண்கள், தங்களை ஏமாற்றி நகை பறித்தவர் என்று அடையாளம் காட்டினார்கள். ஏழாண்டுச் சிறை. வெளியே வந்தவரை 1904 இல் மறுபடி வேறு பெண்கள் காட்டினார்கள். இரண்டாம் தீர்ப்புக்குப் பின் அவர் காவலில் இருந்தபோதே உண்மையான ஏமாற்றுக்காரன் பிடிபட்டான். அந்த அநீதி எழுப்பிய கொதிப்பு, 1907 இல் இங்கிலாந்தில் குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறக்கக் காரணமாயிற்று.

பெக் வழக்கு ஒரு தப்புக் கணக்கையும் உடைத்தது. ஒரு சாட்சி தவறலாம், பத்துப் பேருமா தவறுவார்கள் என்று கேட்போம். தவறினார்கள். ஒரே ஆளின் தோற்றம் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளும்போது, பத்துச் சாட்சிகள் பத்து மடங்கு உறுதி ஆவதில்லை. அது ஒரே பிழையின் பத்துப் பிரதி. 1969 இல் லாஸ்லோ விராக் என்பவரைக் குற்றவாளி என்று பல சாட்சிகள் காட்டினார்கள், அவர்களில் காவலர்களும் உண்டு. 1974 இல் அவருக்கு மன்னிப்பு வழங்கி விடுவித்தார்கள்.

இத்தகைய வழக்குகளை ஆராய அமைந்த டெவ்லின் பிரபு குழு 1976 இல் அறிக்கை தந்தது. அதன்படி, 1973 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2,116 அணிவகுப்புகள் நடந்தன. அடையாளத்தைத் தவிர வேறு சான்றே இல்லாமல் 347 பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்களில் 74 விழுக்காட்டினர் தண்டிக்கப்பட்டனர். விரல் ஒன்றே போதும் என்று ஜூரிகள் எவ்வளவு எளிதாக நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அறிக்கை வந்த அதே 1976 இல் இங்கிலாந்தில் வந்த டர்ன்புல் தீர்ப்புதான் இன்று காமன்வெல்த் நாடுகளின் வழிகாட்டி. வழக்கு முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ அடையாளத்தைச் சார்ந்திருந்தால், தண்டிக்குமுன் தனி எச்சரிக்கை வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தார்? எவ்வளவு தூரத்திலிருந்து? வெளிச்சம் எப்படி? நடுவில் மறைப்பு உண்டா? முன்பே தெரிந்தவரா? பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடையில் எத்தனை நாள்? போலீசில் முதலில் சொன்ன அங்க அடையாளம் ஆளோடு ஒத்துப்போகிறதா? இவை ஒவ்வொன்றையும் ஆராய வேண்டும். அடையாளத்தின் தரம் மோசமாக இருந்து, அதைத் தாங்கும் வேறு சான்றும் இல்லையென்றால், வழக்கை அங்கேயே முடிக்க வேண்டும்.

மலேசிய நீதிமன்றங்கள் இந்நெறியை ஏற்றுப் பல தீர்ப்புகளில் கையாண்டிருக்கின்றன. இங்கே 1995 இல் ஜூரி முறை நின்றுபோனதால், ஜூரியை எச்சரிக்க வேண்டிய நீதிபதி இன்று தன்னையே எச்சரித்துக்கொள்ள வேண்டியவர். அந்த எச்சரிக்கை தீர்ப்பில் ஒரு வரியாக நின்றுவிடக் கூடாது. மேலே சொன்ன கேள்விகளுக்கு விடை தேடிய தடம் தீர்ப்பில் தெரிய வேண்டும்.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சுட்டும் அடையாளம் இன்னும் பலவீனமானது. அங்கே யாரைக் காட்ட வேண்டும் என்பது கட்டடத்துக்குள் நுழையும் குழந்தைக்கும் தெரியும். முன்பே பழகிய ஆளாக இருந்தால் அது வெறும் சடங்கு. அறியாத ஆளாக இருந்தால், முறையான அணிவகுப்பு ஒன்று முன்னே நடந்திருக்காவிட்டால், அதற்கு எடை மிகக் குறைவு.

லயம் அறிந்த முகமும் அறியாத முகமும்

டர்ன்புல் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறது: தெரிந்தவரை இனங்காண்பது வேறு, அறியாதவரை அடையாளம் காட்டுவது வேறு. தோட்டத்து வழக்குகள் பல காலம் முதல் வகையைச் சேர்ந்தவை. சுவா பெத்தோங்கிலோ லாபுவிலோ பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங்கிலோ லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, நூறு கெஜத்துக்கு அப்பால் நடக்கும் ஆளின் நடையைப் பார்த்தே பெயர் சொல்ல முடியும். இருமலைக் கேட்டே வீட்டைச் சொல்லலாம். திருவிழாச் சண்டையிலோ சம்சு குடித்த இரவின் வெட்டுக்குத்திலோ 'யாரென்றே தெரியாது' என்று சொன்னால்தான் நம்ப முடியாது.

அந்த நெருக்கத்திலும் பிழை நுழையும் வாசல்கள் இருக்கின்றன. அண்ணன் தம்பிகளும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் ஒரே உடற்கட்டில் இருப்பார்கள். பகை இருக்கும் இடத்தில் மனம் எதிர்பார்த்த ஆளையே கண் காணும். 'அவன்தான் வெட்டுவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தானே' என்ற பேச்சு, இருட்டில் ஓடிய நிழலுக்கு முகம் கொடுத்துவிடும். நெருங்கிய உறவினரையும் நண்பரையும் இனங்காண்பதிலும் தவறு நேர்வதுண்டு என்று டர்ன்புல் தீர்ப்பே எச்சரிக்கிறது. பட்டப்பெயர் இன்னொரு வாசல். தோட்டத்தில் அடையாள அட்டைப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. குட்டி, கறுப்பன், நெட்டை என்றே அழைப்பார்கள். சாட்சி சொன்ன குட்டி ஒருவர், போலீஸ் தேடிப் பிடித்த குட்டி வேறொருவர் என்று ஆகாமல் இருக்க, பட்டப்பெயரோடு தகப்பன் பெயரும் வீடும் முதல் புகாரிலேயே பதிவாக வேண்டும்.

இன்று தோட்டமே மாறிவிட்டது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் தோட்ட நிலங்கள் நகரியங்களாயின. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்களிலிருந்து போன நம் குடும்பங்கள் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. மிஞ்சிய தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வேலை செய்கிறார்கள். இதனால் அறிந்த முகத்தின் சாட்சியம் குறைந்து, அறியாத முகத்தின் சாட்சியம் பெருகியிருக்கிறது. பழைய தோட்டத்தின் நெருக்கத்தில் பிறந்த நம்பிக்கையை, 'பார்த்தவங்க சொல்றாங்க, பொய்யா சொல்வாங்க?' என்ற அந்த நம்பிக்கையை, நாம் அப்படியே தாமானுக்கும் கொண்டு வந்துவிட்டோம். அது இங்கே பொருந்தாது.

கைப்பேசி இன்னொரு கேட்டைச் சேர்த்துவிட்டது. ஒரு கொள்ளை நடந்த மறுமணி நேரத்தில் சந்தேக நபரின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கடுமையான குற்றங்களில் தடுப்புக் காவல் 14 நாள் வரை நீளலாம். அதற்குள் லோக்காப் உடையில் அவர் நீதிமன்றத்துக்கு நடந்து வரும் படமும் பலர் கண்ணில் படும். பிறகு அணிவகுப்பில் அந்த முகம் தெரிகிறது என்று சாட்சி சொன்னால், எங்கே பார்த்த முகம் அது? குற்றம் நடந்த இடத்திலா, கைப்பேசித் திரையிலா? சாட்சியாலேயே அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

'சிவப்பா இருந்தான்'

தோட்டத்துச் சாட்சியின் சொல் தமிழில் பிறந்து மலாயில் எழுத்தாகிறது. 'ஆளு சிவப்பா இருந்தான்' என்று நம் அம்மா சொன்னால், அது வெளிர்நிறத்தைக் குறிக்கும். மலாயில் சிவப்பு என்று எழுதினால் பொருளே கெடும். 'மாநிறம்', 'புதுநிறம்', 'அட்டைக் கறுப்பு' ஆகியவை தமிழருக்கு வெவ்வேறு நிறங்கள்; மொழிபெயர்ப்பில் எல்லாம் ஒன்றாகிவிடலாம். 'நம்ம மணியத்து மகன் வயசு இருக்கும்' என்பது முப்பதோ நாற்பதோ எனக் காவலரின் ஊகமாக மாறும். முதல் வருணனைக்கும் பிடிபட்டவருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே டர்ன்புல் சோதனைகளில் ஒன்று. அந்த வருணனை மொழி மாறும்போதே கெட்டுவிட்டால், நிரபராதிக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய முரண் காணாமல் போகும். உண்மையாகச் சொன்ன சாட்சி, மாற்றிச் சொன்னவர் என்ற பழியையும் சுமப்பார்.

இதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. குற்ற நடைமுறைச் சட்டத்தின் 112 ஆவது பிரிவின்படி, போலீஸ் பதியும் வாக்குமூலத்தை, சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அதே மொழியில் படித்துக்காட்டி, திருத்த வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நம்மில் பலர் புரியாத தாளில் கையெழுத்திட்டுவிட்டு வருகிறோம். 'தமிழில் படித்துக் காட்டுங்கள்' என்று கேட்பது உரிமை, தயங்க வேண்டியதில்லை.

மறுதரப்பின் நியாயம்

இவ்வளவும் படித்த ஒருவர் கேட்கலாம்: கண்ணால் கண்டவரையே நம்பாவிட்டால், சங்கிலி பறிகொடுத்த பாட்டிக்கு யார் நீதி தருவது? இது நியாயமான கேள்வி. ஆளரவமற்ற செம்பனைக் காட்டில் நடக்கும் குற்றத்துக்கு மறைகாணியும் இல்லை, மரபணுவும் இல்லை; பாதிக்கப்பட்டவரின் கண் ஒன்றுதான் சான்று. அவர்களைப் பொய்யர் போல நடத்துவது இன்னொரு கொடுமை.

அண்மை ஆய்வுகள் இங்கே நம்பிக்கை தருகின்றன. சாட்சியின் நினைவு கெடாமல், முறையாக, முதன்முறையாகச் சோதிக்கப்படும்போது, அந்த நேரத்தில் அவர் காட்டும் உறுதி உண்மைக்கு நல்ல அளவுகோல் என்று வெல்ஸ், விக்ஸ்டெட் இருவரும் 2017 இல் விரிவாக எழுதினார்கள். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் காட்டும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை. ஆகவே முதல் சோதனையின் தூய்மையே எல்லாம். ரப்பர் பாலைப் போலத்தான் இதுவும். மங்கிலிருந்து எடுத்த பாலில் மழைத்தண்ணீர் கலந்துவிட்டால், பிறகு எவ்வளவு வடிகட்டினாலும் அதைப் பிரிக்க முடியாது. தவறான ஆள் உள்ளே போனால் சரியான ஆள் வெளியே உலவுகிறான். முறையான அடையாளம் பாட்டியின் நலனும்தான்.

செய்ய வேண்டியவை

பிற நாடுகள் வழி காட்டியிருக்கின்றன. இந்தியாவில் அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட்டின் முன் நடத்துவது வழக்கம்; இலங்கையிலும் அதில் மாஜிஸ்திரேட்டுக்குப் பங்குண்டு. இங்கிலாந்தில் 1984 சட்டத்தின் கீழுள்ள நடைமுறை விதிகள், விசாரணையில் தொடர்பில்லாத அதிகாரி நடத்த வேண்டும், குறைந்தது எட்டுப் பேர் உடன் இருக்க வேண்டும், முதல் வருணனை எழுத்தில் இருக்க வேண்டும் என வரையறுக்கின்றன.

மலேசியாவிலும் இவை சட்டமாக வேண்டும். வரிசையில் யார் சந்தேக நபர் என்று அறியாத அதிகாரி நடத்த வேண்டும். உடன் நிற்பவர்கள் சாட்சி சொன்ன வருணனைக்குப் பொருந்த வேண்டும்; நான்கு மலாய்க்காரருக்கும் மூன்று சீனருக்கும் நடுவில் ஒரே ஓர் இந்தியனை நிறுத்துவது சோதனையே இல்லை. 'நீங்கள் பார்த்த ஆள் இங்கே இல்லாமலும் இருக்கலாம்' என்று சாட்சியிடம் அவர் மொழியில் சொல்ல வேண்டும். சுட்டிய நொடியில் எவ்வளவு உறுதி என்பதை அவருடைய சொற்களிலேயே பதிய வேண்டும். முழு நிகழ்வும் ஒலி ஒளிப் பதிவாக வேண்டும். கைப்பேசி எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் அதற்குச் செலவு ஒரு காரணமாகாது.

குடும்பங்களுக்கும் கடமை உண்டு. கைதானவர் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையைக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. வசதியற்றவர்களுக்கு 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இயங்குகிறது. வழக்கு விசாரணைக்கு முன் முதல் புகாரின் நகல் கிடைக்க 51ஏ பிரிவு வழி செய்கிறது. அதிலுள்ள வருணனையைக் கைதானவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேக நபரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் நிரபராதிக்குக் கேடு. குற்றவாளிக்கோ தப்பிக்க ஒரு வாதம்.

2023 வரை கொலைக்கு மரணம் ஒன்றே தண்டனையாக இருந்தது. இன்று நீதிபதிக்குத் தெரிவு இருக்கிறது. ஆனால் மரண தண்டனைக்கு மாற்றாக நிற்பது முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறை. ஒரு விரலின் பிழைக்கு அதுவும் ஒரு வாழ்நாள்தான்.

நாளை உங்களில் ஒருவர் சாட்சியாகப் போலீஸ் நிலையத்தில் அந்த வரிசைக்கு முன் நிற்க நேரலாம். பார்த்த முகம் இருந்தால் காட்டுங்கள். ஐயமிருந்தால் ஐயத்தைச் சொல்லுங்கள். யார் வற்புறுத்தினாலும், யார் பக்கத்தில் அழுதாலும், தெரியாத முகத்தைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் சாட்சியம்தான்.